மூச்சு சார் எடுத்த படங்கள்

பல் துலக்கிக்கொண்டே மீன்களை எண்ணுகிறார் அவர். வாய் நிறைய நுரை, வலது கையில் பிரஷ், இடது கை முதுகுக்குப் பின்னால் மடங்கிக் கிடக்கிறது. கூடத்துச் சுவரோரம் இருக்கும் மீன்தொட்டியின் முன் இடுப்பு வரை குனிந்து, கல்லுக்கு அடியில், செடிக்குப் பின்னால், குழாய் மறைவில் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து முடித்ததும், அந்த இடது கையின் விரல்கள் முதுகுக்குப் பின்னாலேயே விரிகின்றன. முதலில் சுண்டுவிரல், பிறகு வரிசையாக மற்றவை, கடைசியில் கட்டைவிரல். கட்டைவிரல் மட்டும் எப்போதும் கொஞ்சம் தாமதிக்கும். அதற்காகவே சமையலறை வாசலில் கரண்டியும் கையுமாகக் காத்து நிற்பாள் மனைவி.

ஐந்தும் விரிந்தால் காபி. நான்கோடு நின்றுவிட்டால், அடுப்பை அணைத்துவிட்டு மேல் தட்டிலிருந்து பச்சை மூடி போட்ட சின்ன டப்பாவை எடுத்துக் கழுவி வைப்பாள். அந்த டப்பாவில் அந்த வீட்டில் யாரும் எதையும் சாப்பிடுவதில்லை. விவரம் தெரியாமல் அவளுடைய தம்பி ஒரு தடவை அதில் பிஸ்கட் நிரப்பிக்கொண்டு ரயிலேறிவிட்டான். ஊர் போய்ச் சேர்ந்தபின் போனில் விஷயத்தைக் கேட்டவன், "அக்கா, நீயெல்லாம் ஒரு கூடப்பிறந்தவளா?" என்று அலறி, அன்று முழுக்க வாய் கொப்பளித்துக்கொண்டே இருந்தானாம்.

அவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் எக்ஸ்ரே எடுப்பவர். இருபத்தேழு வருடமாக ஒரே அறை, ஒரே நாற்காலி, ஒரே வாக்கியம். "மூச்ச நல்லா இழுங்க... அப்படியே பிடிங்க... ஆடாதீங்க... ம், விடலாம்." இதை அவர் சொல்லும் விதத்தில் ஒரு தாளம் உண்டு. 'பிடிங்க'வில் குரல் உயரும். 'ஆடாதீங்க'வில் ரகசியமாகும். 'விடலாம்' வரும்போது, ஏதோ பெரிய தவற்றை மன்னித்து அனுப்புவது போல இருக்கும். ஆஸ்பத்திரியில் அவருக்கு மூச்சு சார் என்று பெயர். டாக்டர்களே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது என்று துப்புரவுப் பணியாளர்கள் கேலி செய்வார்கள்.

பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மனைவி ஊசியில் நூல் கோக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து தன்னையறியாமல் "பிடிங்க... பிடிங்க... விடலாம்" என்பார். ஒரு நாள் காய்கறிக் கடையில் அவரை எதிரே பார்த்த ஒரு பெரியவர், யார் என்று ஞாபகம் வருவதற்கு முன்பே நெஞ்சை நிமிர்த்தி மூச்சை இழுத்துப் பிடித்துவிட்டார். "விடுங்க, விடுங்க" என்று இவர் பதறிப்போய்ச் சொன்ன பிறகுதான் விட்டார்.

முகங்கள் அவருக்கு நினைவில் நிற்பதில்லை. நேருக்கு நேர் வந்து சிரிப்பவர்களைப் பார்த்துப் பொதுவாக ஒரு சிரிப்பு சிரித்து வைப்பார். அவர்கள் திரும்பி நடக்கும்போது, "அட, இது அந்த மூணாவது விலா வளைஞ்சவர் இல்ல?" என்று சட்டென்று பிடிபடும். மனைவியின் அத்தை மகனைக் கூட அவர் 'பழைய தோள்பட்டை முறிவு' என்றுதான் குறிப்பிடுகிறார். உள்ளே இருப்பதைப் பார்த்தே வயிறு வளர்த்தவருக்கு மேலே தெரிவதில் அவ்வளவு நம்பிக்கையில்லை.

மீன்களிடமும் அதே கதைதான்.

தொட்டியில் இருப்பவை ராம் என்று கடைக்காரர்கள் சொல்லும் குள்ளச் சிக்லிட் மீன்கள். கட்டைவிரல் நீளம்தான். மஞ்சள் நெஞ்சு, உடம்பெல்லாம் நீலப்பொடி தூவியது போல மினுமினுப்பு, சிவந்த கண், அந்தக் கண்ணுக்கு மேலும் கீழுமாக மை இழுத்தது போல ஒரு கறுப்புக் கோடு. ஜோடி சேர்ந்துவிட்டால் ஒரு தட்டையான கல்லைத் தேர்ந்தெடுத்து, இரண்டும் மாறி மாறி வாயால் அதைச் சுத்தம் செய்யும். "பாருங்க, அதுங்களாவது சேர்ந்து வீட்டு வேலை செய்யுது" என்பாள் மனைவி. அவர் காதில் விழாதது போல தொட்டியோடு முகத்தை ஒட்டிக்கொள்வார்.

ஆறு வருடத்தில் பதினேழு மீன்கள் போய்விட்டன. ஒன்றுக்கும் காரணம் தெரியவில்லை.

நோய் வந்து இளைத்துச் செத்திருந்தால் அவர் ஏற்றுக்கொண்டிருப்பார். செதில் உதிரவில்லை, புண் இல்லை, வயிறு ஊதவில்லை. முந்தின நாள் வரை நன்றாகத் தின்று, சண்டை போட்டு, வாலை விரித்துக் காட்டிய மீன், காலையில் கல்லின் அடியில் ஒருக்களித்துக் கிடக்கும். நிறம் கூட மங்கியிருக்காது. துளித் துளியாக மருந்து விட்டு நிறம் பார்க்கும் சோதனைக் குழாய்களால் வாரத்துக்கு மூன்று முறை தண்ணீரைச் சோதிக்கிறார். ஒவ்வொரு முறையும் தண்ணீர் தேறிவிடுகிறது. "என் ரத்தத்த விட அது சுத்தமா இருக்கு" என்பார்.

மீன் கடைக்காரர் இதற்கெல்லாம் அசரும் ஆள் இல்லை. புருவம் வரை தொப்பி போட்டுக்கொண்டு, பேசும்போது கூட வலையால் எதையாவது அள்ளிக்கொண்டிருப்பார்.

"இதுக்கு ஆயுசே ரெண்டு மூணு வருஷந்தான் சார். அதுவும் உங்ககிட்ட வரும்போது முழுசா வளந்து, நிறமெல்லாம் ஏறி, ஜம்முனு இருக்குதே, அப்பவே பாதி போயிருக்கும்."

"எந்தப் பாதின்னு எப்படித் தெரியும்?"

"அது தெரிஞ்சா நான் ஏன் சார் மீன் விக்கறேன்?"

எந்தப் பாதி என்ற அந்தக் கேள்வியோடுதான் அவர் முதல் மீனைப் பச்சை மூடி டப்பாவில், ஈரப் பஞ்சின் மேல் கிடத்தி வேலைக்கு எடுத்துப்போனார். ஆஸ்பத்திரி எப்போதோ கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டது. ஆனால் பல் படம் எடுக்கும் பழைய கருவி ஒன்றும், கழுவும் தட்டுகளும், சிவப்பு விளக்கும், தேதி முடிந்த சின்ன பிலிம்கள் சில பெட்டிகளும் பின்னறையில் தூசி மூடிக் கிடந்தன. அந்த பிலிம் சரியாக ஒரு ராம் மீனின் அளவு. உணவு இடைவேளையில் படம் எடுத்தார். இருட்டறைத் தட்டில் மருந்துக்குள் பிலிமை ஆட்ட ஆட்ட, முதலில் முதுகெலும்பு வந்தது, பிறகு முள்முள்ளாக விலா, கடைசியில் தலைக்குள் காதுக்கற்கள் இரண்டும் அரிசி நொய் போலப் பளிச்சென்று வந்தன. எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. பழுது என்று சொல்ல ஒன்றுமில்லை.

அப்படியே பதினேழு படங்கள். பால்கனிக்குப் போகும் கண்ணாடிக் கதவில், ஒளி புகும் டேப்பால் வரிசையாக ஒட்டி வைத்திருக்கிறார். ஒவ்வொன்றின் ஓரத்திலும் வெள்ளை மையில் மூன்று சொற்கள்: வந்தது, போனது, காரணம். முதல் இரண்டுக்கும் எதிரே தேதி இருக்கும். மூன்றாவதற்கு எதிரே பதினேழு வெற்றிடங்கள்.

காலை ஏழரை மணிக்கு அந்தக் கதவில் வெயில் விழும். அப்போது கூடத்துத் தரையில் பதினேழு இருட்டுச் சதுரங்கள் படியும். ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் ஒரு மீனின் எலும்பு வெளிச்சமாகக் கிடக்கும். வெயில் ஏற ஏற அவை கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் நகர்ந்து, எட்டேகாலுக்குத் தொட்டியின் கால்களைத் தொடும். அந்த நேரத்தில் உயிரோடிருக்கும் மீன்கள் எல்லாம் அடிமட்டத்துக்கு இறங்கி வந்து நிற்கும். தீனி நேரம் என்பதால் என்று அவர் சொல்வார். தீனி எட்டரைக்குத்தான் என்பது மனைவிக்குத் தெரியும். கையில் துடைப்பம் இருந்தாலும் அந்த முக்கால் மணி நேரம் அவள் அந்தச் சதுரங்களை மிதிக்காமல் சுற்றித்தான் போவாள். கேட்டால், "ஈரமா இருக்கற மாதிரி தோணுது" என்பாள்.

மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கற்றுக்கொள்பவர் பக்கம் ஒரு பிரேக், அவள் பக்கம் ஒரு பிரேக் என்று இரண்டு வைத்த வண்டி. பதினைந்து வருடம் பிறர் செய்யப்போகும் தவற்றுக்காக அமுக்கி அமுக்கி, அவளுடைய வலது பாதம் தனக்கென்று ஒரு புத்தி வளர்த்துக்கொண்டுவிட்டது. தொலைக்காட்சியில் யாராவது மாடிப்படியில் தடுக்கினால் கூடத் தரையை அமுக்கும். இந்த நாலு மாதமாக அது ஓய்வில்லாமல் அமுக்கிக்கொண்டிருக்கிறது. அவர் இருமும்போதெல்லாம்.

இருமல் என்று பெரிதாக ஒன்றுமில்லை. சிறிய, வறண்ட, கதவைத் தட்டிவிட்டு ஓடிப்போகிறவன் மாதிரி ஓர் இருமல். வார்த்தைக்கு நடுவே வரும். இரண்டு மாடி ஏறினால் வரும். பெல்ட்டில் ஓட்டை இரண்டு உள்ளே தள்ளியிருக்கிறது.

"ஒரே ஒரு படம். உங்க ரூம்ல நீங்களே போய் நிக்கப்போறீங்க. வரிசை கூடக் கிடையாது."

"நிக்கலாம். கொஞ்ச நாள் போகட்டும்."

"போய் என்ன ஆகப்போகுது?"

"போகட்டுமே."

விடுமுறைக்கு வந்திருந்த தம்பி வேறு விதமாகச் சீண்டிப் பார்த்தான். "மாமா, ஊர்ல ஒரு நெஞ்சு பாக்கி விடல. செத்த மீனக்கூட விடல. உங்க நெஞ்சுல மட்டும் என்ன, அக்காவுக்குத் தெரியாம யாரையாவது வச்சிருக்கீங்களா?"

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

அவர் ஏன் தட்டிக் கழிக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். பயந்தவர் என்றால் திட்டியாவது இழுத்துப் போயிருப்பாள். விஷயம் அதுவல்ல. அது ஒன்பதாவது படம்.

கதவில் வரிசையாக இருக்கும் பதினேழில் ஒன்பதாவது மட்டும் கலங்கியிருக்கும். மற்றவை கல்லில் செதுக்கியது போல இருக்க, இதில் செவுள் பக்கத்து எலும்புகள் இரண்டிரண்டாக, ஒன்றின் மேல் ஒன்று நிழல் விழுந்தது போலத் தெரியும். அந்த மீன் ஒரு பெண். வயிற்றில் ரோஜா நிறத் திட்டு. போவதற்கு முந்தின நாள் முழுக்கத் தொட்டியின் இடது மூலையில், சுவரைப் பார்த்து, வாலை இப்படியும் அப்படியும் ஆட்டாமல் நின்றது. அதற்கு முன்பு போனவையும் அப்படித்தான். போகிறது என்றால் முதலில் அந்த மூலைக்குப் போகும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெறும் சுண்ணாம்புச் சுவர். அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று அவர் ஒருமுறை சுவரையே தடவிப் பார்த்திருக்கிறார். விரல்களில் கொஞ்சம் வெள்ளை ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை அது ஒருக்களித்துக் கிடந்தது. அன்று அவருக்குச் சீக்கிரம் பார்த்துவிடவேண்டும் என்று ஓர் அவசரம். எட்டு படமும் ஒன்றும் சொல்லவில்லை. விறைத்துப்போகும் முன்பே எடுத்தால் இந்த ஒன்பதாவதாவது சொல்லும் என்று தோன்றியிருக்கிறது. சட்டென்று அள்ளி, பஞ்சில் வைத்து, இரண்டு பஸ் மாறி, பையைக் கூடக் கழற்றாமல் படம் எடுத்தார். சிவப்பு வெளிச்சத்தில் பிலிமை ஆட்ட ஆட்ட, அந்த இரட்டை எலும்புகள் மேலெழும்பி வந்தன.

கருவி அசையவில்லை. பிலிம் அசையவில்லை. அவர் தொழிலில் படம் அப்படிக் கலங்குவதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடமாவது அவர் அதைச் சொல்லி அலுத்துக்கொள்வார்: "மூச்சு விட்டுட்டீங்க."

அன்று மாலை வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றாமல் தொட்டியின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். மனைவி விளக்கைப் போட்டதும், "வேண்டாம்" என்றார். அவள் அதை அணைத்த பிறகு, இருட்டில்தான் சொன்னார்.

"அது போகல. நான்தான் எடுத்துட்டுப் போயிட்டேன்."

"மீனுங்க அது. அதுக்குப் போய்..."

"பாக்கணும்னு அவசரப்பட்டேன். பாத்தேன். போயிடுச்சு."

அதோடு சரி, அந்தப் பேச்சை அவர் மறுபடி எடுக்கவேயில்லை. ஆனால் அதன் பிறகு எந்த மீன் கிடந்தாலும் சாயங்காலம் வரை தொடமாட்டார். ஒரு கிண்ணத்தில் தொட்டித் தண்ணீர் ஊற்றி, அதில் மிதக்கவிட்டு, வேலைக்குப் போய்த் திரும்பி வந்து பார்ப்பார். மறுநாள்தான் டப்பா. தனக்கும் அதே விதியை வைத்துக்கொண்டார் என்று அவளுக்குப் புரிய இந்த இருமல் வரவேண்டியிருந்தது. பார்க்காதவரை எதுவும் போகாது. அவசரப்பட்டு எடுத்தால் எடுத்ததாலேயே போய்விடும். இருபத்தேழு வருடம் படித்த படிப்பும் பார்த்த வேலையும் அந்த ஒரு கலங்கிய பிலிமுக்கு முன்னால் வாயடைத்து நின்றன.

போன வாரம் ஒரு பிற்பகல். சிக்னலில் வண்டியை அணையவிட்டு அணையவிட்டு அழ ஆரம்பித்துவிட்ட ஒரு பெண்ணைச் சமாதானம் செய்து அனுப்பிவிட்டு, மூன்று மணிக்கு அவள் வீடு திரும்பினாள். அவருக்கு அன்று விடுமுறை. கதவைத் திறந்தவள் கைப்பையை வைக்கப்போன இடத்தில் அப்படியே நின்றாள்.

கூடத்தின் இடது மூலையில் அவர் நின்றுகொண்டிருந்தார். சுவரைப் பார்த்து.

சுவருக்கும் அவர் மூக்குக்கும் நடுவே ஒரு சாண் கூட இல்லை. கைகள் பக்கவாட்டில் தொங்கின. தலை லேசாகக் குனிந்திருந்தது. அந்த மூலையில் அலமாரி இல்லை, ஆணி இல்லை, ஸ்விட்ச் இல்லை. தொட்டியின் மோட்டார் மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பினாள். ஐந்து மீன்களும் தொட்டியின் ஒரு முனையில் ஒன்றாக வந்து, துடுப்பை மட்டும் அசைத்தபடி இடம் மாறாமல் நின்றன. ஐந்தும் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தன. எப்போதும் ஒன்றையொன்று துரத்திக் கடிக்கும் ஜாதி அது. அப்படி வரிசையாக நின்று அவள் பார்த்ததில்லை.

அவள் பாதம் தரையை அமுக்கியது. தரை நிற்கவில்லை.

"என்னங்க."

அவர் திரும்பவில்லை. பிறகு மெல்ல, சுவரிடம் சொல்வது போல, "ஒண்ணுமில்ல. இப்படி நின்னா மூச்சு கொஞ்சம் வசதியா இருக்கு" என்றார்.

"எவ்வளவு நேரமா நிக்கறீங்க?"

"தெரியல. வெயில் அங்க இருந்துச்சு."

அவர் காட்டிய இடத்திலிருந்து வெயில் நகர்ந்து போய் வெகுநேரமாகியிருந்தது. சாவியை மறுபடி கையில் எடுத்தாள்.

"செருப்பப் போடுங்க."

"எதுக்கு?"

"நீங்க போட்டா தெரியும்."

வண்டியில் அவர், வழக்கமாக அவள் உட்காரும் பயிற்சியாளர் இருக்கையில் உட்கார்ந்தார். இரண்டாவது பிரேக் இருக்கும் பக்கம். கூரையில் இருந்த 'பழகுநர்' பலகையைப் பார்த்துப் பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் தள்ளியே வந்தன. ஆஸ்பத்திரி வாசலில் அவள் திருப்பியபோது, வண்டி குலுங்கி நின்றுவிட்டது. அவள் அமுக்கவில்லை. குனிந்து பார்த்தாள். அவருடைய பாதம் அந்த இன்னொரு பிரேக்கின் மேல் இருந்தது.

பின்னால் ஹாரன் அடித்தார்கள். பதினைந்து வருடத்தில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ விதமாகச் சொல்லிய வாக்கியத்தை, அவள் அன்று வேறு குரலில் சொன்னாள்.

"கால எடுங்க. ஒண்ணும் ஆகாது. நான் ஓட்டறேன்ல?"

அவர் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் ஹாரன். பிறகு கால் மெதுவாக மேலே வந்தது.

எக்ஸ்ரே அறையில் அவருக்கு அடுத்த நிலையில் வேலை பார்க்கும் இளம்பெண் மட்டும் இருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்து, கைகளைப் பார்த்தாள். பச்சை மூடி டப்பாவைத் தேடுகிறாள் என்று தெரிந்தது.

"சார், லீவுதானே? மீனா?"

"மீன் இல்லம்மா" என்றாள் மனைவி. "இன்னிக்கு இவரு."

அந்தப் பெண் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கருவியைத் தயார் செய்யப் போனாள். அவர் சட்டைப் பையைக் காலி செய்தார். மூக்குக்கண்ணாடி, பேனா, சீப்பு. கதிர்வீச்சை அளக்கும் அந்தச் சின்ன அட்டை, விடுமுறை நாளிலும் சட்டையில் குத்தியிருந்தது. அதைக் கழற்றி மனைவியின் உள்ளங்கையில் வைத்தார். கழுத்துச் சங்கிலியைக் கழற்றச் சொல்லி வாழ்நாளெல்லாம் ஊராரிடம் மன்றாடியவர், தன்னிடம் கழற்ற ஒன்றுமில்லாததைக் கண்டு கொஞ்சம் தடுமாறினாற்போல் இருந்தது. போய், சுவரில் பொருத்தியிருந்த படத்தட்டின் முன் நின்றார். மோவாயை மேலே தூக்கி, நெஞ்சைத் தட்டோடு ஒட்டி, தோள்களை முன்னால் கொண்டுவந்தார்.

கதிரைத் தடுக்கும் ஈயக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்த மனைவிக்கு அப்போதுதான் உறைத்தது. நெஞ்சுப் படம் எடுக்கிறவர்கள் எல்லோரும் சுவரைப் பார்த்துத்தான் நிற்கவேண்டியிருக்கிறது. கனத்த அந்தக் கண்ணாடி லேசான மஞ்சள் ஓடி, தண்ணீர் மாதிரி இருந்தது. அதற்கு அப்பால் அவருடைய முதுகு.

"மூச்ச நல்லா இழுங்க சார்" என்றாள் அந்தப் பெண் மைக்கில். அவரிடமிருந்தே கற்றுக்கொண்ட அதே தாளம். "அப்படியே பிடிங்க... ஆடாதீங்க..."

இருமல் வந்தது. கதவைத் தட்டிவிட்டு ஓடிவிட்டது.

திரையில் படம் விழுந்தது. விலா எலும்புகள் ஒவ்வொன்றும் இரண்டாக, ஒன்றின் மேல் ஒன்று நிழல் விழுந்தது போல. அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சார், நீங்களே மூச்சு விட்டுட்டீங்க. கலங்கியிருக்கு. இன்னொண்ணு எடுத்துடலாம்."

அவர் தட்டை விட்டு விலகி வந்தார். மூக்குக்கண்ணாடி இல்லாததால் திரைக்கு மிக அருகே, தொட்டியின் முன் குனிவது போலவே குனிந்து பார்த்தார். ஒன்று, இரண்டு என்று அந்த இரட்டை விலாக்களின் மேல் அவருடைய பார்வை இறங்கிக்கொண்டே போனது.

"ஆடியிருக்கு" என்றார்.

"ஆமா" என்றாள் மனைவி. "ஆடத்தானே செய்யும். உயிரு இருக்குல்ல?"

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். மறுபடி நடந்துபோய்த் தட்டின் முன் நின்று, மோவாயைத் தூக்கினார்.

"மூச்ச நல்லா இழுங்க... அப்படியே பிடிங்க... ஆடாதீங்க... ம். விடலாம் சார்."

அவர் விடவில்லை. தோள்கள் உயர்ந்தபடியே நின்றன.

"சார், முடிஞ்சுடுச்சு. விடலாம்."

முதுகு அசையவில்லை. அந்தப் பெண் மைக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு மனைவியைப் பார்த்தாள். மனைவி திரையைப் பார்க்கவில்லை. வலது பாதத்தால் தரையை முழு பலத்தோடு அமுக்கிக்கொண்டு, அந்த முதுகையே பார்த்திருந்தாள். அப்போது தட்டைப் பிடித்திருந்த இடது கை மெல்ல இறங்கி, முதுகுக்குப் பின்னால் வந்து மடிந்தது. சுண்டுவிரல் விரிந்தது. பிறகு வரிசையாக அடுத்தது, அடுத்தது, அடுத்தது. நான்கு. அவள் காத்து நின்றாள். வழக்கம்போல, கொஞ்சம் தாமதித்து, கட்டைவிரலும் விரிந்தது.